பார்வைத்துண்டில் பூஞ்சணம்

செய்முறைப் பரீட்சை முடிந்து வெளியே வந்த பிலோமினா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ரீச்சர், வெங்காயத் தோலுக்குள்ள நூல் நூலா ஏதும் ஓடுமோ?"

"ஓடாதே. ஏன் பிள்ளை?"

"எனக்குத் தெரிஞ்சது. நீங்கள் சொன்னபடி கண்டதை அப்பிடியே படமாக் கீறினனான்."

அறுபதுகளில் கடலோரத்து ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே மைக்ரோஸ்கோப் என்கிற நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்றுதான். அதிபர் அதை வெல்வெட் துணியில் சுற்றித் தன் அறை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். மேலதிகாரி யாராவது வந்தால்தான் அலுமாரி திறபடும். வகுப்புக்குக் கேட்டால், "பிள்ளையளின்ர கையில குடுத்து உடைக்கவோ?" என்பார். கடற்காற்று அடிக்கிற ஊரில் கண்ணாடி வில்லைகளை இருட்டில் துணி சுற்றி வைத்தால் நூல் நூலாகப் பூஞ்சணம் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆகவே ஆடி, மேடை, பொருள்வில்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டு எல்லாவற்றையும் கரும்பலகையில் கீறியே படிப்பித்தேன். கைவில்லையால் செவ்வரத்தம் பூவைப் பார்த்துக் கீறப் பழக்கினேன். புத்தகத்தில் இருப்பதைக் கீறாதே, கண்டதைக் கீறு என்பது என் வகுப்புச் சட்டம்.

பிலோமினா நிலாவெளியில் கரைவலை இழுக்கும் ஒருவரின் மகள். அந்த வருடம் மருத்துவ பீடத்துக்குப் போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். அலுமாரியில் இருந்த அந்த நுணுக்குக்காட்டியைத்தான் அன்று பரீட்சைக்கு எடுத்து வைத்தார்கள்; மற்றப் பிள்ளைகளுக்கும் அதில் நூல்தான் தெரிந்திருக்கிறது. அவர்கள் அதை விட்டுவிட்டு மனப்பாடப் படத்தைக் கீறிவிட்டு வந்தார்கள்.

என் மாணவர்கள் என்பதால் பரீட்சை அறைக்குள் நான் போகக்கூடாது. பரீட்சகர் போன பிறகுதான் போய் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். அழுக்கு சிலைட்டில் இருந்தால் சிலைட்டை நகர்த்தும்போது நகரும். பார்வைத்துண்டில் இருந்தால் அதைத் திருப்பும்போது கூடவே சுழலும். திருப்பினேன். நூலெல்லாம் சுழன்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நேரே அதிபரிடம் போனேன். "சேர், பிள்ளையில பிழை இல்லை. சாமான் பழுது எண்டு இண்டைக்கே அறிவியுங்கோ."

"பழுதாக்கினது ஆர் எண்டு கேப்பினம், ரீச்சர். ஒரு பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தின்ர பேரைக் கெடுக்கேலாது."

"பழுதாக்கினது நீங்கள்தானே!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானே மேலிடத்தில் போய்ச் சொன்னேன். அதிபர் சொன்னால்தான் எடுபடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிலோமினா செய்முறையில் தவறினாள். இன்னொரு முறை எழுத வீட்டு நிலைமை விடவில்லை. சான்றிதழ் வாங்க வந்தவள் கேட்டாள்: "புத்தகத்தில இருந்ததைக் கீறியிருந்தால் பாஸோ, ரீச்சர்?"

"ஓம்" என்றேன்.

அதிபரின் பிரியாவிடையில், பள்ளிச் சொத்தைக் கண்ணும் கருத்துமாய்க் காத்தவர் என்று பேசினார்கள். மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இளம் ஆசிரியர்களே, நுணுக்குக்காட்டியை வெளியே எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். உடைந்தால் உடையட்டும். உடைந்த வில்லைக்கு மேலிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பிலோமினாவுக்கு என்ன பதில் சொல்வது?