சுவருக்குள் அறுபது

வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் அனாசீனி. டோங்காவிலிருந்து மெல்பர்ன் வந்த அப்பாவுக்கு, தன் பத்து வயதிலிருந்தே படிவங்களை நிரப்பித் தந்தவளும் அவள்தான். ஒரு கட்டத்தில்கூடப் பொய் இருக்கக் கூடாது, இருந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பார்.

பூச்சியியல் படித்தவளுக்கு, கண்ணில் மாட்டிப் படம் பார்க்கும் மெய்நிகர் கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகும் வேலை கிடைத்தது. ரயில் பாதையோரம் ஒரு கிடங்கின் பழைய செங்கல் சுவர். காரை உதிர்ந்த ஓட்டைகளில் நீலப்பட்டைத் தேனீக்கள் குடியிருந்தன. இரண்டு கோடைகள் அங்கே குத்தவைத்துப் படம் பிடித்தாள். கண்ணாடியை மாட்டினால் பிள்ளைகள் அந்த ஓட்டைக்குள்ளேயே நுழைந்துவிடலாம்.

ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புத் தூயென் கண்ணாடியைக் கழற்றினாள். "கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே மிஸ்? எங்க ஏரியால கரப்பானும் எலியும்தான்."

வகுப்பு சிரித்தது.

"பத்து நிமிஷம் நடந்தாப் போதும். உன் கண்ணாலயே பாரு."

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக அபாயப் படிவம் வேண்டும். கொட்டும் பூச்சிகள் உண்டா என்று ஒரு கட்டம் கேட்டது. கையில் பிடித்து நசுக்கினாலொழிய அவை கொட்டுவதில்லை. ஆனாலும் இல்லையென்று எழுதக் கை வரவில்லை. உண்டு, ஏறக்குறைய அறுபது என்று எழுதி, ஓட்டைகள் இருக்கும் இடத்தையும் குறித்தாள். அனுமதி கேட்டுப் பள்ளி அதைக் கிடங்குக்கு அனுப்பிவைத்தது.

வியாழக்கிழமை போனபோது சுவர் முழுக்கப் புது சிமெண்ட். மருந்து நெடி. கிடங்குக் காவலர் சிரித்தபடி வந்தார்.

"பிள்ளைங்க வருதுன்னு சொன்னாங்க. நேத்தே மருந்தடிச்சுப் பூசியாச்சு. இனி எதுவும் கொட்டாது, பயப்படாம நில்லுங்க."

தூயென் சுவரடியில் குனிந்து ஒன்றை எடுத்தாள். செத்த உடம்பில் நீலம் இன்னும் மின்னியது.

"நிஜமாவே இருந்திருக்கு மிஸ்." குரலில் கேலி இல்லை.

உள்ளே, அடுத்த கோடைக்கான புழுக்கள் உயிரோடு இருக்கக்கூடும். வெளியே வர வழியில்லை. அதை அனாசீனி பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

"நீ உண்மையைத்தானேம்மா எழுதின" என்று இரவு வீட்டில் அப்பா தேற்றினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

படத்தை மாற்றத் தேவையில்லை என்றது அலுவலகம். திங்கட்கிழமை வேறொரு பள்ளி. இருபத்தைந்து பிள்ளைகள் காற்றில் கை நீட்டித் தேனீக்களைத் தொட்டார்கள். இந்தச் சுவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது என்று படத்தில் பதிவாகியிருந்த அவள் குரலே கடைசியில் சொன்னது.

"போய்ப் பாக்கலாமா மிஸ்?"

"இல்ல. அங்க இப்ப எதுவும் இல்ல. நான்தான் இடத்தைக் காட்டிக்குடுத்தேன்."

அவர்களுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.