தையல்காரர் அளந்த ரேடியேட்டர்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் அவள் உட்காருவது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் கிடையாது, ஆக்சிலரேட்டர் கிடையாது. நிறுத்துவதற்கு மட்டும்தான் அவளுக்கு அதிகாரம். "பிரேக்! பிரேக்குன்னு சொல்றேன்ல!" என்று அவள் போடும் சத்தம் ஆஸ்பத்திரி மேட்டில் ஆரம்பித்தால் தண்ணீர்த் தொட்டி வரை கேட்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையோடு நின்றுபோனது.

ஆஸ்பத்திரி மேடு, பள்ளிக்கூட வளைவு, தண்ணீர்த் தொட்டி, திரும்பவும் ஆஸ்பத்திரி மேடு. இருபது வருஷமாக இதே சுற்று. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒரு மாதம் கியரோடு மல்லுக்கட்டிவிட்டு, கைகுலுக்கிவிட்டு, எங்கெங்கோ ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட மாட்டாள்.

வீடு என்றால் கீழே அப்பாவின் தையல் கடை, மேலே இரண்டு அறை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், தங்கச்சி கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒரு அறை அப்பாவுக்கு. இன்னொன்று துணி வெட்டுகிற அறை. வெட்டும் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே அவள் கட்டில். தலைக்கு மேலே கொடியில் கை வைக்காத சட்டைகளும் இடுப்புப் பட்டி தைக்காத பேன்ட்டுகளும் தொங்கும். "நான் கண்ணு முழிக்கிறதே ஊர் ஆம்பளைங்க முழங்கால்லதான்டி" என்று தங்கச்சியிடம் ஃபோனில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "மூச்சு முட்டுதுடி" என்பாள். அது சிரிப்பில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மலையைத் தாண்டி, துறைமுக ஊரில் பெரிய டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த முதலாளியம்மா ஒருவர் அவளைக் கூப்பிட்டார். புதுக் கிளை திறக்கிறோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மாடியிலேயே தங்க அறை இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்றார். அறையைப் படம் பிடித்து ஃபோனில் அனுப்பியும் வைத்தார். வெறும் அறைதான். ஒரு ஜன்னல், சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில் எதுவும் தொங்கவில்லை. அதை அவள் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஆனானப்பட்ட லாரிக்காரர்களையே நடுரோட்டில் வைத்து வாங்குவாங்கென்று வாங்குகிறவள், அப்பா முன்னால் தரையில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். தையல்காரர் முழுவதையும் கேட்டார். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"போம்மா. நம்ம காரை எடுத்துக்கிட்டுப் போ. அது உனக்குத்தான்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. கட்டிக்கொண்டு வந்த பேச்சையெல்லாம் அவள் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல்காரர் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டே சீட், தரையைத் தடவிக்கொண்டு போகிற உயரம், ஒரு காலத்தில் சிவப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஒரு டாக்டருடையது. அதன் கான்வாஸ் கூரை கிழிந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்தவர் அப்பா. டாக்டர் ஒருநாள் வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு போய் இருக்கக் கிளம்பினார். "கூரை உன்னோடது, மிச்சத்தையும் நீயே வெச்சுக்க" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. மகள் கற்றுத் தருகிறேன் என்றால், "உன்கிட்ட திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லம்மா" என்று நழுவிவிடுவார். பின்பக்கக் கொட்டகையில் காருக்குப் போர்வை தைத்துப் போட்டதோடு சரி.

போர்வையை எடுத்து, பாட்டரி மாற்றி, அவள் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அன்று அக்கம்பக்கமே வாசலுக்கு வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு ஸ்டீயரிங் அவள் கையில். அடேயப்பா, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆஸ்பத்திரி மேடு பாதி ஏறுவதற்குள் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி. மேலே நின்ற நோயாளிகள்கூட வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வரும்போது நாலு பேர் தள்ளினார்கள், அதில் மூன்று பேர் அவளிடம் படித்தவர்கள்.

ரேடியேட்டர் கடைக்காரருக்கு ஒழுக்கண்ணன் என்று பெயர். யார் போனாலும் வணக்கம்கூடச் சொல்லாமல், "எங்க ஒழுகுது?" என்றுதான் கேட்பார். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. கொட்டகைக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, இது இந்தக் காரோட ரேடியேட்டரே இல்ல. ஏதோ சின்ன வண்டியோடதைப் பிடுங்கி, கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. டாக்டர் மனுஷனுக்கு நல்லா வைத்தியம் பாத்திருப்பாரு."

ஆக, ரேடியேட்டர் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. இருப்பதையே பிரித்துச் சுத்தம் பண்ணி, உள்ளே குழாய் அடுக்கைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார் ஒழுக்கண்ணன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "துறைமுகத்துக்கு மலையைத் தாண்டில்ல போகணும்? சின்னது சின்னதுதான், தாங்காது" என்றார். நியாயம்தான். ஆனால் டிரைவிங் ஸ்கூல் முழுக்க, "எங்கப்பா என்னைப் போக விடமாட்டார் போலிருக்கு" என்று பிரேக் அக்கா சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்து, பழைய இரும்புக் கடையில் இதே மாதிரிக் காரின் சொந்த ரேடியேட்டரே கிடைத்தது. செம்புக் குழாய், பித்தளைத் தொட்டி, கனமோ கனம். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள், குழாய்களுக்கு நடுவே இருந்த தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாதி மாற்றிப் பற்றவைத்தால் இரண்டு வருஷம் ஓடும் என்று ஒழுக்கண்ணன் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். நடுவழியில் நின்றால் யார் வருவார் என்று அவள் வேண்டாமென்றுவிட்டாள். பிறகு ஒரு வேனுடையது வந்தது. அளவு பொருந்தியது, ஆனால் தண்ணீர் வெளியேறும் வாய் மறுபக்கத்தில். ரப்பர் குழாயை ஃபேனுக்கு முன்னால் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அதையும் வேண்டாமென்றாள். அதுவும் நியாயம்தான். இப்படி நியாயமாகவே மாதத்தில் பாதி போயிற்று.

"அப்ப ஒரே வழிதாங்கா. அலுமினியம். அளவு சொன்னா கம்பெனியில செஞ்சே அனுப்புவாங்க. ரெண்டு வரிசைக் குழாய் போதும், மூணு போட்டா தடிமன் ஏறி ஃபேன்ல இடிக்கும். மூடி மட்டும் பிரஷர் கம்மியானதா போட்டுக்கணும், இல்லன்னா பழைய ரப்பர் குழாய் வெடிச்சிடும். ரெண்டு பக்கத்து இரும்புக்கும் நடுவுல எவ்வளவு அகலம்னு அளந்து சொல்லுங்க, போதும்."

அன்று சாயங்காலம் அப்பா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். அவர் காரின் வாய்க்குள் குனிந்தார், நிமிர்ந்தார். வாடிக்கையாளருக்குத் தோள் அளப்பதுபோல உரக்கச் சொன்னார்.

"இருபத்து மூணு."

அவள் சின்ன வயதிலிருந்து எழுதிப் பழகிய கைதான். எழுதிக்கொண்டாள், ஒழுக்கண்ணனுக்குச் சொன்னாள், வேலை முடிந்தது.

மாதக் கடைசி நெருங்குகிற நேரத்தில் ரேடியேட்டர் வந்தது. பளபளவென்று வெள்ளிப் பாத்திரம் மாதிரி. ஒழுக்கண்ணன் அதைத் தூக்கிக் காருக்குள் இறக்கினார். இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஒரு தடவை காரையே கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தார். கடைசியில் தன் இரும்பு டேப்பை எடுத்தார்.

"இடைவெளி இருபத்தொண்ணரைதானே இருக்கு! ஒண்ணரை இஞ்ச் கூட சொல்லியிருக்கீங்களேக்கா. திருப்பி அனுப்பிப் புதுசு வரணும்னா அடுத்த மாதம் பிறந்துடும்."

ஒன்றரை இஞ்ச். கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துக்கு முக்கால் முக்கால். தையலுக்காகக் கூடுதலாக விடுகிற துணி. அப்பா எதை அளந்தாலும் அதைச் சேர்த்துத்தான் சொல்வார். ரத்தம் தலைக்கேறியது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். வெட்டுகிற அறையில் அப்பா ஒரு பேன்ட்டுக்கு பட்டன் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? போகாதன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் அழுதுட்டாவது கிடந்திருப்பேனே! போன்னும் சொல்லிட்டு, ஒண்ணரை இஞ்ச்சை வெச்சு என்னைப் பூட்டிப் போடுறீங்களே!"

அப்பா விஷயம் விளங்காமல் முழித்தார். விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது.

"தெரிஞ்சு பண்ணலம்மா. சத்தியமா. டேப்பைக் கையில எடுத்தா வாயில அப்படித்தான் வருது. ரேடியேட்டருக்குத் தையல் ஏதுன்னு இந்த மரமண்டைக்குத் தோணல."

அவர் நடிக்கத் தெரியாத மனிதர். அவள் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஜன்னலுக்குத் திரைக்கம்பி வாங்கினப்ப நான் சொன்ன அளவைத்தானே கடையில சொன்னே?"

"இல்ல. கழிச்சுட்டுச் சொன்னேன்."

"மேஜைக்குக் கண்ணாடி?"

"அதுவும் கழிச்சுத்தான்."

"எப்பவும் நீதாம்மா கழிப்பே. நான் சொல்ற அளவு உன்கிட்ட போனா சரியாயிடும்னு இத்தனை வருஷமா நான் நிம்மதியா இருக்கேன்." ஊசியை மேஜைமேல் வைத்தார். "இதுல மட்டும் ஏன் கழிக்கல?"

அவர் குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. மறந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் என்று அவளுக்கே தெரிந்தது. இருபத்து மூணு என்று எழுதும்போதே உள்ளே ஏதோ ஒன்று, அளவு கூடுதலா இருக்கு, கூடுதலா இருக்கு என்று சொன்னது. அது காதில் விழுந்தும் கழிக்காமல் விட்டவள் அவள்தான். சட்டென்று எழுந்தாள். இல்லை, போகத்தான் வேண்டும், எனக்குப் போகத்தான் ஆசை என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டு ஃபோனை எடுத்தாள். முதலாளியம்மாவிடம் இன்னும் இரண்டு வாரம் கேட்டுவிடலாம், நல்ல மாதிரியான மனுஷி, கொடுக்காமலா போவார்?

"சொல்லுங்கம்மா, கிளம்பியாச்சா? ரூமைக் கழுவி வெச்சிருக்கு" என்றார் அந்த அம்மாள்.

"மேடம், ஒரு சின்ன சிக்கல். காருக்கு ரேடியேட்டர் அளவு தப்பா வந்துடுச்சு. புதுசு வர ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம்..."

"காரா? உங்களுக்கு வண்டி நாங்கதானே தர்றோம், ஸ்கூல் வண்டி நாலு இருக்கே. உங்க கார் எப்ப சரியாகுதோ அப்ப வரட்டும். இங்க வர்றதுக்கு என்னம்மா, அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கே. காலையில ஏறினா மத்தியானம் வந்துடலாம்."

பஸ். அப்பா சொல்லவில்லை, தங்கச்சி சொல்லவில்லை, ஒழுக்கண்ணன் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க, தினமும் நூறு பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்கும் அது தோன்றவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ? நான் பேசுறது கேக்குதாம்மா? ஹலோ?"

நன்றாகவே கேட்டது.