ஸஜாத்துக்குத் தொழுத ஜனாஸா

சாய்ந்தமருதுக் கடற்கரையில் சுனாமி தின்றுவிட்டுப் போன வீடுகளுக்குள் பகலிலும் யாரும் போவதில்லை. கூரையில்லாத சுவர்களுக்குள் ஆள் இருமும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஜின் குடியேறிவிட்டது என்றார்கள். சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து, சுல்பிகா அந்த வீடுகளுக்குள் போகிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து வந்த சுகாதார ஆய்வுக் குழுவின் வேலை. தூள் என்கிற ஹெராயின் பாவிப்பவர்களில் ஊசி போடுகிறவர்கள் யார், ஒரே ஊசியை எத்தனை பேர் குத்துகிறார்கள், புண் வந்தால் எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். "எங்கட ஊர்ல அப்பிடி ஆக்கள் இல்ல" என்று பெரிய மனிதர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். பேர் கேட்கக் கூடாது. கண்டதை வெளியே சொல்லக் கூடாது. விட்டுவிடு என்று புத்தி சொல்லவும் கூடாது. நோய் தொற்றாமல், உயிர் போகாமல் இருக்க மட்டும் வழி சொல்லலாம். துணைக்கு வந்தவன் பாண்டிருப்புக் குணம். ஒரு காலம் ஊசியில் கிடந்து மீண்டவன்.

ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, அடுப்பு மட்டும் மிஞ்சிய இடிந்த குசினி ஒன்றுக்குள் ஒருவன் சுருண்டு கிடந்தான். முகம் நிழலில். குணம் வாசலில் நிற்க, சுல்பிகா குந்தியிருந்து கேட்கத் தொடங்கினாள். பேருக்குப் பதிலாக ஒரு அடையாள எண் போட வேண்டும்.

"உம்மாட பேர்ல முதல் எழுத்து?"

"ஸ."

"நீங்க எத்தினயாவது புள்ள?"

"நாலாவது."

"பொறந்த வருஷம்?"

"எழுவத்தொம்பது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "உங்களுக்குத் தெரியாததா, சுல்பி ராத்தா?"

பேனை நின்றது. அவளை அக்கா முறை வைத்துச் சுல்பி ராத்தா என்று கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களில் ஸஜாத் சுனாமியில் கடலோடு போனவன். சுனாமியில் மௌத்தானவர்களின் பட்டியலை அகதி முகாமில் இருந்து எழுதியதே சுல்பிகாதான். அவன் பேரையும் அவள் கைதான் எழுதியது. மையத்துக் கிடைக்காததால், உடல் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸாவை ஊரே நின்று தொழுதது. அவன் உம்மா ஸம்ஸியா இன்றைக்கும் வெள்ளிதோறும் அவனுக்காக, மௌத்தானவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓதுகிறாள்.

"நீ... ஸஜாத்தா?"

"அவன் மௌத்தாப் பெய்த்தான். பட்டியல்ல நானே பாத்தன்."

கடல் எறிந்த இடத்திலிருந்து யாரோ அவனைத் தூர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கால் நசுங்கிய நோவு, பிறகு கொழும்பு, தூள், ஊசி. ஆறு மாதத்துக்கு முதல் திரும்பி வந்தான். "வீட்டடிக்குப் போனன் ராத்தா. உம்மா எனக்கு வருஷக் கத்தம் ஓதி ஊராக்களுக்குச் சோறு குடுத்திட்டிருந்தா. அதுக்குள்ள எப்பிடிப் போற?"

சுல்பிகா யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதிலுக்கு அப்பாலிருந்து ஸம்ஸியாவின் ஓதல் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஓதுகிற ஓதல். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் கேட்டாள்: "நீ உசிரோட இரிக்காய் எண்டு உம்மாட்டச் செல்லட்டா?"

"வேணா."

மூன்றாம் வாரம், ஊசி அளவு மீறி, அவன் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். மூச்சில்லை, கன்னம் மையத்தின் குளிர். குணம் தலையை நிமிர்த்திப் பிடிக்க, சுல்பிகா அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு ஒரு தரம் தூக்கிப்போட்டது. கண் திறந்தவன், "உம்மாட்டச் செல்லுங்க" என்றான்.

அடுத்த நாள் கூட்டிப்போனாள். ஸம்ஸியா கதவைத் திறந்து, மகனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். அழவில்லை.

"என்ட மகனுக்குத் தொழுதாச்சி," என்றாள். "இது அவன்ட உருவத்துல வந்திரிக்கி."

"மாமி, தொட்டுப் பாருங்க," என்றாள் சுல்பிகா.

கதவு சாத்தப்பட்டது.

ஆனால் மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுப் பின்மதிலில் ஒரு கோப்பைச் சோறும், ஊற்றிப் பிசைய மீனாணமும் இருந்தன. ஸம்ஸியா வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள், ஜின்னுக்கு வைக்கிற மாதிரி. ஸஜாத் வந்து தின்றான். தினமும் வந்தான். குணம் கால் புண்ணுக்கு மருந்து கட்டக் கூட்டிப்போனான். ஊசி நிற்கவில்லை, ஆனால் இன்னொருவன் குத்தியதை அவன் பிறகு தொடவில்லை.

நாலாம் மாதம் ஒரு நாள், கோப்பையை வைத்த ஸம்ஸியா உள்ளே போகவில்லை. அவனுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆணம் காணுமா, இன்னம் வேணுமா?"

அவன் கோப்பையை நீட்டினான். "கொஞ்சம் ஊத்துங்க உம்மா."

அவள் முகத்தைத் திருப்பாமலே சட்டியை எடுத்துவரப் போனாள்.