சுலோச்சனா வீட்டுப் பின்பக்கத்துப் பாம்புகள்

அடையாறில் ஆற்றுக்குப் பக்கமாக வீடு வாங்குகிறவர்கள் காற்று வரும் என்றுதான் வாங்குகிறார்கள். காற்று வரும். கூடவே கொசு வரும், மழைக்காலத்தில் ஆறு வரும், ஆற்றோடு பாம்பும் வரும். இதையெல்லாம் எந்த புரோக்கரும் சொல்வதில்லை.

எங்கள் அடுக்குமாடியில் தரைத்தளத்து வீடு சுலோச்சனாவுடையது. டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். வீட்டுப் பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை, கொஞ்சம் வாழை, ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் புதர் மண்டிய காலி மனை.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது தப்பான பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பொறுக்கமாட்டார். சிறுகீரையை அரைக்கீரை என்று விற்ற காய்கறிக்காரரைத் தெருவில் நிறுத்திப் பாடம் எடுத்தவர். அப்படிப்பட்டவர் துணிக்கொடியில் தொங்கிய பச்சைப்பாம்பைப் பார்த்து ஒருநாள் விரியன் என்று ஊரைக் கூட்டிவிட்டார். பிடிக்க வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு சுலோச்சனாவுக்கு ஜீரணமாகவில்லை. புத்தகம் வாங்கினார், கிண்டி பாம்புப் பண்ணைக்கு நடையாய் நடந்தார். கொஞ்ச நாளில் எந்தப் பாம்பையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் ஆகிவிட்டார்.

யாரும் கேட்கவில்லை என்பதுதான் சங்கடம். எங்கள் வாட்ஸப் குழுவைப் பொறுத்தவரை உலகத்தில் பாம்பு இரண்டே வகை: நல்ல பாம்பு, ரொம்பப் பெரிய நல்ல பாம்பு. மாடிப்படியில் பல்லி தேடி வந்த ஓலைப்பாம்பை ஒருவர் படம் எடுத்து ‘கட்டுவிரியன், உஷார்’ என்று போட்டார். கழுத்திலிருந்தே பட்டை தொடங்கினால் ஓலைப்பாம்பு, கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது என்று சுலோச்சனா பொறுமையாக எழுதினார். அதற்குக் கீழே செயலாளர் பஞ்சாட்சரம் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று எழுதினார்.

போன மழைக்கு ஆற்றுத் தண்ணீர் கார் நிறுத்துமிடம் வரை வந்தது. கூடவே ஒரு பாம்பு வந்து லிப்ட் ஓரமாகச் சுருண்டது. பஞ்சாட்சரம் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். சுலோச்சனா குனிந்து பார்த்தார். உடம்பில் சதுரங்கக் கட்டம், கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடு.

“தண்ணிப்பாம்பு. விஷம் கிடையாது. வழி விட்டீங்கன்னா அதுவே போயிடும்.”

“விஷம் கிடையாதா? நிச்சயமா தெரியுமா மேடம்?”

“நிச்சயமா.”

பஞ்சாட்சரம் போனை வைத்தார். நாற்காலியில் இருந்து இறங்கினார். “தங்கவேலு, அந்தக் கட்டையை எடு!”

காவலாளி தங்கவேலுக்கும் அப்போதுதான் வீரம் வந்தது. “விஷம் இல்லியா? இத்த முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? இன்னாத்துக்கு சும்மா பயந்துகினு கெடந்தோம்!”

சுலோச்சனா கத்துவதற்குள் முடிந்துவிட்டது. விஷமில்லாத ஒன்றை நாலு ஆண்கள் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள், கொன்றதோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அதை எடுத்துப்போய் வாழைக்கடியில் புதைத்தவர் சுலோச்சனாதான். ‘என் வாயால்தான் அது செத்தது’ என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, துவைக்கிற கல்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு சாரை. ஆளை விட நீளம். எலி தேடி காலி மனையிலிருந்து வந்திருக்கவேண்டும். மேல்மாடியிலிருந்து யாரோ அலறினார்கள். பஞ்சாட்சரம் ஓடிவந்தார், பின்னாலேயே கட்டையோடு தங்கவேல். சத்தத்தில் சாரை கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டது. அங்கிருந்து வெளியே வர ஒரே வழி, அதிலும் தங்கவேல் நின்றார்.

“மேடம், இது விஷமா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல,” என்றார் பஞ்சாட்சரம்.

அதற்கு நேர் மேலே எங்கள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன் நான். சுலோச்சனாவின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடு, சாரை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

“நல்ல பாம்பு சார். ஆடி வெள்ளியும் அதுவுமா வந்திருக்கு.”

தங்கவேல் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, செருப்பையும் கழற்றி உதறினார். “அய்யோ தாயே, தெரியாம தூக்கினேன். மன்னிச்சிடும்மா.”

பஞ்சாட்சரம் படித்தவர் அல்லவா, சந்தேகம் கேட்டார். “படம் எடுக்கலையே மேடம்?”

“கோபம் வந்தாத்தான் எடுக்கும். வர வைக்கணுமா?”

வேண்டாம் என்று பஞ்சாட்சரம் பத்தடி பின்னால் போய்க் கும்பிட்டார். கற்பூரம் வந்தது, முட்டை வந்தது, பாலும் வந்தது. வழி கிடைத்ததும் சாரை மதில் ஓட்டை வழியாகப் புதருக்குள் போய்விட்டது. அது பிழைத்த சந்தோஷத்தில் சுலோச்சனா கல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பஞ்சாட்சரம் நெற்றியில் குங்குமத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“உள்ளதைச் சொல்றேன், நீங்க குரூப்ல போடறதை நான் படிச்சதே இல்ல. இன்னிக்குத்தான் மேடம் உங்களுக்குப் பாம்பைப் பத்தித் தெரியும்னு நம்பிக்கை வந்துது.”

மத்தியானம் குழுவில் சாரையின் படம் வந்தது. ‘நல்ல பாம்பு. உறுதி செய்தவர் சுலோச்சனா மேடம்’ என்று செயலாளர் எழுதியிருந்தார். கீழே சுலோச்சனா ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாக ரொம்ப நேரம் காட்டியது. ஒன்றும் வரவில்லை.