கயிற்றுக்குள் ஆறு வருஷம்

கண்டியில் கோப்பிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னைச் சண்டைக்காரனாக்கியது ஒரு கோப்பித் தோட்டத்துத் துரை. வண்டிக்காரன் ஒருவனோடு எனக்கு வந்த தகராறில், ஒரே குத்தில் அவன் விழுந்ததை அவர் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே மூட்டை வேலை நின்றது. காலையில் மலை ஏறி இறங்க வேண்டும், மாலையில் மணல் சாக்கைக் குத்த வேண்டும். தினமும் இறைச்சி கிடைத்தது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டிய களத்தில் முதல் சண்டை. வெறுங்கைதான். விழுந்தவன் அரை நிமிஷத்துக்குள் எழுந்து வராவிட்டால் தோல்வி.

மூன்று வருஷம் நான் தோற்கவில்லை. பட்டாளத்துச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் என் முன்னால் விழுந்தார்கள். தெருவில் போனால் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். கலியாணமும் ஆனது.

பிறகு ஒரு நாள் கெலிஓயாவில், வாழைப்பழத் தோலை உரிக்கத் தெரியாமல் நின்ற ஓர் ஆளைப் பார்த்தேன். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அக்கா பழத்தை உரித்து ஊட்டினாள். முந்தின வருஷம் நான் வீழ்த்திய ஆள் அவன்.

"என்னைத் தெரியுதா?" என்றேன். அவன் சிரித்தான்.

"அவனுக்கு இப்ப யாரையும் தெரியாதுங்க. நீங்க யாரு?" என்றாள் அக்கா.

வேகமாக அங்கிருந்து வந்துவிட்டேன். துரையிடம் சொன்னேன். "அவன் பலமில்லாதவன். நீ அப்படியில்லை," என்றார். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

ஆறாவது வருஷம் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடியாக நோய் படிந்தது. பக்கத்துத் தோட்டங்களில் மரங்கள் மொட்டையாக நின்றன. துரை சிரிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கோ வலது காதில் ஓயாத இரைச்சல். பேராதனையில் பெரிய பந்தயச் சண்டை ஒன்றை அவர் ஏற்பாடு செய்தார். அன்று காலை என் மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குப் போகாதீங்க."

"ஏன்?"

"விடிஞ்சதுல இருந்து ரெண்டு வாட்டி என்னை உங்க செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க."

எனக்கு அது நினைவே இல்லை. அவளை விலக்கிவிட்டுப் போனேன்.

எதிரில் நின்றவன் இளம் சிப்பாய். நாலாவது சுற்றில் அவன் இரண்டு பேராகத் தெரிந்தான். இருவரில் நான் குத்தியவன் அங்கே இல்லை. அடுத்த நொடி என் வாயில் மண்.

"எந்திரி!" துரை கத்தினார். ஒரு முழங்காலை ஊன்றினேன். எழுந்திருக்க முடியும் என்றுதான் தோன்றியது. ஆனால் பழம் ஊட்டிய அந்த அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. மறுபடி உட்கார்ந்தேன்.

"முடியலையா?" கயிற்றுக்குக் கீழே குனிந்து துரை கேட்டார்.

"மாட்டேன், தொரை."

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் தோட்டமும் செத்தது. அவர் கப்பலேறிப் போனதாகச் சொன்னார்கள். நான் ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனேன். சண்டையை விட்டுவிட்டேன், தப்பித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது, தினமும் நடக்கும் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றேன். எங்கள் லயத்து வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. யாரோ வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.