முக்கால் மலை

ஓட்டப்பந்தயத்தில் ஓட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஆனையூரிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போன எல்லோரையும் போல நானும் பஸ்ஸைத் துரத்தித்தான் ஓடினேன். அப்போது எனக்கு இருபது வயது. ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கிளம்பிவிட்ட பஸ்ஸை விரட்டிக்கொண்டே போய் அடுத்த ஸ்டாப்பில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “தம்பி, உனக்கெதுக்கு டிக்கெட்டு? ஓடியே போயிரலாம்ல” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் அது பாராட்டாகப் பட்டது.

சில நாள் கழித்து, திருப்பரங்குன்றத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது சுவரில் பொங்கல் விளையாட்டு அறிவிப்பைப் பார்த்தேன். நூறு மீட்டர் ஓட்டம், ஸ்லோ சைக்கிள், உறியடி, மலையைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டம். நூறு மீட்டருக்குப் பேர் கொடுக்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், நூறு மீட்டரில் தோற்பதை மொத்தச் சனமும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்க்கும். மலை ஓட்டத்தில் பின்பக்கம் போய்விட்டால் பார்க்க ஆடு மாடுகள்தான் இருக்கும், முடியாவிட்டால் கொஞ்ச தூரம் நடந்துகூடக் கொள்ளலாம். இவ்வளவு பெரிய வீரத்தோடுதான் நான் மலை ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவன். மில்லில் பிட்டர் வேலை. மத்தியான ஷிப்டு என்பதால் காலையில் வீட்டில்தான் இருப்பான். தீபாவளி கழிந்ததும் ஒரு நாள் விடியற்காலையில் என் போர்வையை உருவி, “எந்திரி. பேரு குடுத்தா மட்டும் போதுமா, ஓட வேணாமா?” என்றான். நான் கண்மாய்க் கரையில் ஓட, அவன் சைக்கிளில் கூடவே வந்தான். முதல் நாள் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து, மடை வரைக்கும்கூடப் போக முடியாமல் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூ குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிப் பழகினேன்.

அண்ணனும் ஓட்டம் கற்றவன் இல்லை. ஆனால் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டே ஏதாவது கேட்டுக்கொண்டு வருவான். பட்டறையில் யார் லீவு, அம்மா நேற்று என்ன குழம்பு வைத்தாள், இந்த மாதிரி. நான் முழு வாக்கியமாகப் பதில் சொன்னால், “பேசுறதுக்கு மூச்சிருக்குல்ல, இன்னும் போ” என்பான். பதிலே வராவிட்டால், “கொறச்சுக்க” என்பான். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று வந்தால் சரியான வேகம். கார்த்திகை முடிவதற்குள் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்ப என்னால் முடிந்தது. என் உடம்பை எனக்கே பிடித்துப்போன காலம் அது.

அந்தக் கார்த்திகையில்தான் அக்காவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குத் திருப்பரங்குன்றம்தான் ஊர். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. முந்தின வருடம் மலை ஓட்டத்தில் முதலில் வந்தவர் அவர்தான் என்று பரிசம் போட்ட அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பந்தியில் என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, நீங்களும் பேரு குடுத்திருக்கீகளாமே? பாத்து வாங்க, பின்பக்கம் ரோடு மோசம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் சாமிக்கு அடுத்தபடி. சீட்டாட்டத்தில்கூட அவரை ஜெயிக்க விட்டுவிடுவார்கள். கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே என் பெரியப்பா அவருடைய மாப்பிள்ளையிடம் தோற்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஓட்டமும் அந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணனும் பழையபடிதான் சைக்கிளில் வந்தான். பந்தயத்துக்கு முந்தின நாள் யோசனைகூடச் சொன்னான். “மாப்பிள்ளை மொதல்ல வேகமாப் போவாரு. அவரு முதுகப் பாத்துக்கிட்டே ஓடு, முந்தாத. பின்பக்கம் போனதும் நான் வாரேன். நான் சொன்னப்புறம் பாயி.”

காலையில் பதினாறுகால் மண்டபத்துப் பக்கம் எல்லோரும் நின்றோம். ஒருவர் துண்டை வீசியதும் கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அண்ணன் சொன்னபடியே ஓடினேன். பாதி தூரத்தில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மலையின் பின்பக்கம் திரும்பியபோது எனக்கு முன்னால் மாப்பிள்ளை மட்டும்தான். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கோ யாராவது குழம்பைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிற அளவுக்கு மூச்சு இருந்தது. அவர் சட்டையின் வியர்வை வாடை வருகிற அளவுக்கு நெருங்கிவிட்டேன். முக்கால் மலை முடிந்துவிட்டது. ஜெயிக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது.

பாயச் சொல்லத்தான் வருகிறான் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அண்ணன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னான்.

“நில்லுடா. அம்மா மயங்கி விழுந்துட்டாளாம். ஊருலருந்து ஆளு வந்து சொல்லுச்சு. ஏறு.”

நின்றுவிட்டேன். கேரியரில் ஏறி உட்கார்ந்தபோது மாப்பிள்ளை வளைவில் திரும்பி மறைவது தெரிந்தது. அதற்குள் எனக்குப் பந்தயமே மறந்துவிட்டது. அம்மா பிழைக்க வேண்டும் என்று எதிர்ப்பட்ட கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன். “வேகமா மிதிண்ணே” என்று அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். அவன் பழங்காநத்தம் வந்ததும் ஒரு டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினான்.

“எறங்கு. டீயக் குடிச்சுட்டுப் போவோம்.”

எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அம்மா மயங்கிக் கிடக்கும்போது எவனாவது டீ குடிப்பானா? அவன் இரண்டு டீ சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல” என்றான். “அப்பாதான் சொன்னாரு. பய கிட்ட வந்துட்டான்னா எதையாச்சும் சொல்லி நிப்பாட்டிருன்னாரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? அவுக தெரு, அவுக சனம். பொண்ணு குடுக்குற வீட்டுப் பய முந்திக்கிட்டு வந்து நின்னா அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவாரு? நாளைக்கு நம்ம புள்ள அங்க வாழ வேணாமா?”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நான் போயிருக்கவே மாட்டேன்.”

“வீட்டுல எவனும் நீ கிட்ட வருவேன்னு நெனைக்கலடா. நான்தான் அப்பாகிட்டச் சொன்னேன், இவன் கண்டிப்பா வந்துருவான், வந்தா என்ன செய்யலாம்னு.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. என் மேல் வைத்த நம்பிக்கையையே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டிக்கொடுத்திருக்கிறான். டீயைத் தரையில் ஊற்றிவிட்டு நடந்தேன். என் பின்னால் வந்து, “கோவிச்சுக்காதடா” என்று இரண்டு முறை சொன்னான். பெரியார் நிலையம் போய் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

அம்மா கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். “ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு? விழுந்துட்டியா?” என்று கேட்டாள். தன்னை நடுரோட்டில் மயங்க வைத்தது பாவம் அவளுக்குத் தெரியாது. அவளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்து, “யாரு பஸ்ட்டு?” என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளைதான் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா தன் இலையிலிருந்த கறியை எடுத்து என் இலையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஓடுவதை நிறுத்திவிட்டேன். அண்ணனும் போர்வையை உருவ வரவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. மச்சான் நல்ல மனிதர். அன்றைக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அக்காவின் வாழ்க்கை ஆயிற்றே. கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய சேக்காளிகள் எதிரே. அவர் என் தொடையில் தட்டி, “என்ன மாப்ள, அன்னைக்குப் பின்னாலயே காலடி கேட்டுச்சு, திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். என்ன ஆச்சு?” என்றார்.

அண்ணன்தான் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். கால் பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் அவசரம் என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கு அவனிடம் பஞ்சமா? அவன் மச்சான் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டான்.

“பயலுக்கு மூச்சு பத்தல” என்றான். “அவனுக்கு அம்புட்டுதான்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அம்மாவை மயங்க வைத்த பொய்யைக்கூட நாளாவட்டத்தில் ஒருவாறு மறந்துவிட்டேன். இதை மட்டும் முடியவில்லை. என் மூச்சு எவ்வளவு என்று இந்த உலகத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் அவன்தான்.