பின் சீட்டுல யாரு

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா, போய் வேலையப் பாருடான்னு சொல்ற ஆளு நானு. முப்பது வருசம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவன். ஒண்ணு ஓடுதுன்னா எங்கியோ ஒருத்தன் தள்றான், அவ்ளோதான் எனக்குத் தெரியும். நீ நம்பலன்னா நம்பாத நைனா, நடந்தத சொல்றேன்.

வெள்ளக்காரன் ஊருக்குக் கப்பல் ஏறுனப்போ எங்க ஆபீசரு ஒருத்தரு, ரெண்டு பேர் ஓட்ற சைக்கிள் ஒண்ண என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. முன்னால ஒரு சீட்டு, பின்னால ஒரு சீட்டு, ரெண்டு ஜோடி பெடலு. ரிட்டயர் ஆனதும் அதத் தொடச்சு எண்ண போட்டு, என் சம்சாரம் தெரசாவ ஏத்திகினு கெளம்பிட்டேன். ராயபுரமே சிரிச்சுது. கிழவனுக்கும் கிழவிக்கும் ஊர்கோலம்டான்னு மாதா கோயில் வாசல்ல கத்துவானுங்க. மொதல்ல முக்காடு போட்டுகினு வந்தவ, அப்புறம் அவதான் என்ன வூட்ல குந்த வுடல. எண்ணூர் போனோம், பழவேற்காடு போனோம்.

அவளுக்கு மலை பாக்கணும்னு ஆச. ராயபுரத்துல பொறந்து ராயபுரத்துலயே வாக்கப்பட்டவ, கடலத் தவிர இன்னா பாத்தா? ஆனா நெஞ்சு வலி கீது, மேடு ஏறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. நான் ஒரு வழி சொன்னேன். மேட்டுல நீ சும்மா பெடல்ல கால வெச்சிகினு குந்து, மிதிக்கிறது நானுன்னு. மிதிக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணா.

முன்னால ஓட்றவனுக்குப் பின்னால இருக்கறவங்க தெரியாது. அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம். அவ ஏறிக் குந்திட்டா என் முதுகுல ரெண்டு தட்டு தட்டுவா. ரயிலுக்கு கார்டு கொடி காட்ற மாதிரி வெச்சிக்கோ. அப்புறந்தான் வண்டிய எடுப்பேன்.

ஊத்துக்கோட்டைல ராத்தங்கிட்டு, மறுநாள் காலைல மலை ரோட்டுக்கு அடியில ஒரு கெணத்தாண்ட நின்னோம். அவ தண்ணி சேந்தப் போனா. நான் வண்டில கால போட்டுகினு மேட்டையே பாத்துகினு இருந்தேன். முதுகுல ரெண்டு தட்டு வுழுந்துது. எடுத்துட்டேன்.

மொத வளைவு தாண்டல, பின்னாலேருந்து மிதி வருது. செயின்ல மாட்டுன பெடலு தானா சுத்தும், அது ஃபிட்டருக்குத் தெரியாதா? இது அது இல்ல. என் காலு அழுத்துறதுக்கு முன்னயே பெடலு எறங்குது. மிதிக்காத தெரசான்னேன். பதில் இல்ல. மேட்டுல அவ பேச மாட்டா, மூச்சு வாங்கும். நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. ரெண்டு மைலு அப்டியே ஏறுனோம். உச்சில கால ஊனி, பாத்தியாடி மலையன்னு திரும்புனா, சீட்டுல யாருமில்ல.

கீழ எறங்கினது எப்டின்னு கேக்காத. பாவி, கொன்னுட்டேனேன்னு அழுதுகினே வந்தேன். கெணத்தாண்ட அவ படுத்துக் கெடந்தா, உசுரு இருந்துது. தண்ணி சேந்தறப்பவே வலி வந்துடுச்சாம், நான் போறதப் பாத்தும் கூப்பிட முடியலயாம். ஆடு மேய்க்கிற பொம்பள ஒருத்தி பத்தடி தள்ளி நின்னுகினு, தண்ணிச் சொம்பக் கழியால அவ பக்கம் தள்ளி வுட்டுகினு இருந்தா. ஏன் கிட்ட போவலன்னு கேட்டேன்.

"ரெண்டாவது வளைவுல இந்தம்மா உன் பின்னால போச்சு. இதே பொடவ. எறங்கி வந்து பாத்தா இங்க கெடக்குது. நான் எப்டி தொடுவேன்?"

ஒரு லாரிய நிறுத்தி வூடு வந்து சேந்தோம். மேடு ஏறியிருந்தா பொணமாத்தான் எறங்கியிருப்பான்னாரு டாக்டரு. தெரசா பயப்படவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு, சோறு போட்டுகினே ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அவ நல்லா மிதிச்சாளா?"

இல்லன்னேன். அதுக்கப்புறம் அஞ்சு வருசம் இருந்தா, அந்த சீட்டுல ஏறவே இல்ல. சாவறதுக்கு மொத நாளும் அதையே கேட்டா, அப்பவும் இல்லன்னுதான் சொன்னேன்.

பொய்யி நைனா. என் ஆயுசுல அவ்ளோ சொகமா நான் ஒரு மேடு ஏறுனதில்ல. உச்சிக்குப் போயும் கால ஊன எனக்கு மனசே வரல.